மெக்கர் இருக்கிறது, எர்த் டெஸ்டர் இருக்கிறது. இன்னொரு டெஸ்டர் எதற்கு?

கேள்வி: பொள்ளாச்சியில் 12 வருடமாக வயரிங் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். என்னிடம் நான்கு பையன்கள் வேலை செய்கிறார்கள். பெரும்பாலும் தனி வீடுகள். அவ்வப்போது தென்னை நார் மில் வேலையும் வரும். லைசென்சுக்காக வாங்கிய 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷன் டெஸ்டர்), எர்த் டெஸ்டர், டங் டெஸ்டர் (கிளாம்ப் மீட்டர்), மல்ட்டிமீட்டர் எல்லாம் கையில் இருக்கின்றன. இப்போது ஒரு பில்டர் 30 வீட்டுக்கு வேலை கொடுத்திருக்கிறார். வீட்டுக்கு வீடு டெஸ்ட் ரிப்போர்ட் வேண்டுமாம். ஆர்சிசிபி (கரன்ட் எர்த்துக்குக் கசிந்தால் சப்ளையை வெட்டும் சுவிட்ச்) எத்தனை மில்லி விநாடியில் ட்ரிப் ஆகிறது, லூப் இம்பிடன்ஸ் (ஃபால்ட் கரன்ட் போய்த் திரும்பும் முழுப் பாதையின் ஓம்) எவ்வளவு என்றெல்லாம் எழுதித் தரச் சொல்கிறார். லண்டன் எலக்ட்ரீஷியன்கள் போடும் வீடியோக்களைப் பார்த்தேன், ஆளுக்கொரு மாடலைச் சொல்கிறார்கள். கடையில் கேட்டால் ஒரு லட்சத்துக்கு மேல் விலை சொல்கிறார்கள். இந்த டெஸ்டையெல்லாம் ஒரே கருவியில் செய்யும் மல்ட்டி ஃபங்ஷன் டெஸ்டர் வாங்கலாமா சார்? வாங்கினால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: வாங்கலாம். ஆனால் அந்த லண்டன் வீடியோக்களைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். அவர்கள் சொல்வது தப்பில்லை. அவர்கள் ஊர் எர்த் வேறு, நம் ஊர் எர்த் வேறு, அதுதான் விஷயம்.

அங்கே பெரும்பாலான வீடுகளுக்கு எர்த்தையும் மின்சாரக் கம்பெனியே கேபிளோடு சேர்த்துக் கொடுத்துவிடுகிறது. லூப் இம்பிடன்ஸ் 0.35 ஓம், மிஞ்சினால் 0.8 ஓம் என்ற கணக்கில் இருக்கும். அதனால் எந்த டெஸ்டர் 0.01 ஓம் வரை சரியாகக் காட்டுகிறது என்பதில்தான் அவர்களுடைய சண்டையெல்லாம். நம் வீடுகளுக்கு ஈபி கம்பத்திலிருந்து வருவது ஃபேஸும் நியூட்ரலும்தான். எர்த் என்பது கொல்லைப்புறத்தில் நாம் தோண்டிய குழி. ஃபால்ட் கரன்ட் அந்தக் குழியில் இறங்கி, மண் வழியாகப் போய், டிரான்ஸ்ஃபார்மரடி எர்த்தில் ஏறித்தான் திரும்ப வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் குழி 4 ஓம், டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் 2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 6 ஓம். ஃப்ரிட்ஜ் பாடியில் ஃபேஸ் தொட்டுவிட்டால் ஓடுகிற கரன்ட் 230-ஐ 6-ஆல் வகுத்தால் 38 ஆம்பியர் சொச்சம். அந்த சர்க்கியூட்டில் நீங்கள் போட்டிருப்பது 16 ஆம்பியர் சி கர்வ் எம்சிபி (ஓவர்லோடுக்கும் ஷார்ட்டுக்கும் விழும் பிரேக்கர்). அது உடனே விழ வேண்டுமென்றால் பத்து மடங்கு, அதாவது 160 ஆம்பியர் வேண்டும். 38 ஆம்பியருக்கு அது சூடாகி, நிதானமாக, ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொண்டு விழும். அதுவரை ஃப்ரிட்ஜ் பாடியில் நிற்கும் வோல்டேஜ் 38 பெருக்கல் 4, அதாவது 150-க்கு மேல். குழி 4 ஓம் என்பதை நல்ல எர்த் என்றுதான் நாம் எல்லோரும் எழுதிக் கொடுக்கிறோம்!

ஆக, நம் வீடுகளில் ஆளைக் காப்பாற்றுவது எம்சிபி இல்லை, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபிதான். நீங்கள் வாங்கப் போகிற கருவியை இந்த ஒரு கோணத்தில் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஆர்சிசிபி சரியான கரன்டில், சரியான நேரத்தில் விழுகிறதா? அதை விழ வைக்கிற எர்த் வயர் ஒவ்வொரு பிளக் பாயின்ட் வரைக்கும் உண்மையிலேயே வந்து சேர்ந்திருக்கிறதா? இந்த இரண்டையும் உங்கள் கையில் இருக்கும் மெக்கரும் சொல்லாது, எர்த் டெஸ்டரும் சொல்லாது.

சில வருடங்களுக்கு முன்பு உடுமலைப் பக்கம் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். ஃப்ரிட்ஜைத் தொட்டால் சுர்ரென்கிறது என்றார்கள். வீட்டுக்காரர் ஃபைலை எடுத்துக்கொண்டு வந்து காட்டினார்: எர்த் பிட் 2.1 ஓம். ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அமுக்கினால் டப்பென்று விழுகிறது. எல்லாம் சரியாக இருக்கிறது, ஃப்ரிட்ஜில்தான் கோளாறு என்று கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் ஃப்ரிட்ஜ் பிளக்கில் டெஸ்டரைச் செருகி லூப் பார்த்தேன். ரேஞ்சைத் தாண்டிவிட்டது என்று காட்டியது. சுவிட்ச் பாக்ஸைத் திறந்தால் பச்சை வயர் எர்த் பின்னில் ஒழுங்காக முடுக்கியிருந்தது. லாஃப்டுக்கு மேலே இருந்த ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தோம். ஃபேஸை ஃபேஸோடும் நியூட்ரலை நியூட்ரலோடும் அழகாக முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். பச்சை வயர் இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி, தனித்தனியாக டேப் சுற்றி, மடித்துக் கிடந்தன.

டெஸ்ட் பட்டன் ஏன் வேலை செய்தது என்று அவருக்கு ஒரே ஆச்சரியம். அந்தப் பட்டனுக்கும் எர்த்துக்கும் சம்பந்தமே கிடையாது. அது உள்ளேயே ஒரு ரெசிஸ்டர் வழியாக ஃபேஸிலிருந்து மறுபக்க நியூட்ரலுக்குக் கொஞ்சம் கரன்டை விட்டு, உள்ளே போவதும் வெளியே வருவதும் சமமில்லை என்று காட்டுகிறது, அவ்வளவுதான். வீட்டில் எர்த்தே இல்லாவிட்டாலும் பட்டன் வேலை செய்யும். எத்தனை மில்லி ஆம்பியரில், எத்தனை மில்லி விநாடியில் என்றும் அது சொல்லாது.

சரி, இனி கருவிக்குள் போவோம்.

முதலில் ஆர்சிடி டெஸ்ட். கருவியில் ஆர்சிசிபியை அப்படித்தான் எழுதியிருப்பார்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபிக்குப் பாதி கரன்ட், அதாவது 15 கொடுத்தால் விழக் கூடாது. 30 கொடுத்தால் 300 மில்லி விநாடிக்குள் விழ வேண்டும். ஐந்து மடங்கு, 150 கொடுத்தால் 40 மில்லி விநாடிக்குள். ஒவ்வொன்றையும் 0 டிகிரி, 180 டிகிரி என்று ஏசி அலையின் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். கையால் ஒவ்வொன்றாகச் செய்தால் விழுகிற நாலு டெஸ்டுக்கும் ஆர்சிசிபிக்கும் பிளக்குக்கும் நாலு தடவை நடக்கணும். ஆட்டோ டெஸ்ட் உள்ள கருவி என்றால் பிளக்கில் செருகி பட்டனை அமுக்கிவிட்டு டிபி பாக்ஸ் (எம்சிபியும் ஆர்சிசிபியும் இருக்கும் பெட்டி) பக்கத்தில் போய் நின்றுகொள்ளலாம். விழ விழ நீங்கள் ஏற்றினால் போதும், ரீடிங்கெல்லாம் அதுவே எடுத்து வைத்திருக்கும். 30 வீட்டு வேலையில் இது பெரிய விஷயம். டைப் ஏ ஆர்சிசிபியை (ஏசியோடு துடிக்கும் டிசி கசிவுக்கும் விழுவது) சோதிக்கும் வசதியும் இருக்கட்டும். வீட்டில் கார் சார்ஜர் வந்துகொண்டிருக்கிறது, அதனால் டைப் பி-யும் (சீரான டிசி கசிவுக்கும் விழுவது) இருந்தால் நல்லது, ஆனால் இன்றைக்கு அதற்காக அதிகப் பணம் கொடுக்க வேண்டாம்.

இதோடு ரேம்ப் டெஸ்ட் என்று ஒன்று உண்டு. கரன்டைப் படிப்படியாக ஏற்றி, சரியாக எத்தனையில் விழுகிறது என்று காட்டும். இதை ரிப்போர்ட்டுக்காக இல்லை, தினப்படி வேலைக்காகவே நான் வாங்கச் சொல்வேன். ‘ராத்திரியானால் ஆர்சிசிபி விழுகிறது, இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது’ என்று ஒரு போன் உங்களுக்கும் வந்திருக்கும். லோடு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ரேம்ப் பாருங்கள்: 23-ல் விழுகிறது, ஆர்சிசிபி நன்றாக இருக்கிறது. லோடைப் போட்டுப் பாருங்கள்: 9-லேயே விழுகிறது. மீதி 14 மில்லி ஆம்பியர் வீட்டுக்குள்ளேயே எங்கேயோ ஒழுகுகிறது. சர்க்கியூட்டை ஒவ்வொன்றாக ஆஃப் செய்துகொண்டே போனால் கீசரோ, மோட்டாரோ, எர்த்தைத் தொடுகிற நியூட்ரலோ மாட்டிக்கொள்ளும். மூன்றாவது ஆர்சிசிபி வாங்கும் செலவு மிச்சம்.

அடுத்து லூப். இதில் இரண்டு வகை இருக்கும். ஒன்று ஹை கரன்ட்: சில ஆம்பியர் கரன்டை ஒரு கணம் எர்த்துக்குள் தள்ளி அளக்கும், துல்லியமாக இருக்கும், ஆனால் ஆர்சிசிபி கட்டாயம் விழும். இன்னொன்று நோ ட்ரிப்: ஆர்சிசிபிக்குத் தெரியாத அளவு சின்ன கரன்டில் மெதுவாக அளக்கும், ரீடிங் கொஞ்சம் அங்கே இங்கே ஆடும். வீடியோவில் பெரிய பஞ்சாயத்து இந்த ஆட்டத்தைப் பற்றித்தான். 0.4 ஓம் இருக்க வேண்டிய இடத்தில் 0.7 காட்டினால் அவர்களுக்கு அது பிரச்சினை. உங்கள் வீட்டில் 6 ஓம் இருக்கும் இடத்தில் 6.3 காட்டினால் என்ன குடிமுழுகிப் போகிறது? 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி உள்ள இடத்தில், பாடியில் 50 வோல்ட்டுக்கு மேல் நிற்கக் கூடாது என்ற கணக்கில் பார்த்தால் 1,667 ஓம் வரை அனுமதி. ஆனால் 200-ஐத் தாண்டிய எர்த்தை நம்ப வேண்டாம், கோடையில் அது எங்கே போய் நிற்கும் என்று தெரியாது. ஒரே பாயின்ட்டில் மூன்று தடவை எடுங்கள், ஒத்துவந்தால் எழுதுங்கள்.

ஆனால் மில் வேலை என்று சொல்லியிருக்கிறீர்களே, அங்கே கதை மாறும். மில்லுக்கென்று தனி டிரான்ஸ்ஃபார்மர் இருந்து, நியூட்ரல் எர்த்தும் பாடி எர்த்தும் ஒரே இடத்தில் செம்புப் பட்டையிலோ ஜிஐ பட்டையிலோ சேர்ந்திருந்தால், கரன்ட் மண்ணில் இறங்க வேண்டியதில்லை. அங்கே லூப் ஒரு ஓமுக்குக் கீழே வரும், வர வேண்டும். 32 ஆம்பியர் சி கர்வுக்கு 320 ஆம்பியர் ஓடினால்தான் உடனே விழும்; அதற்கு 0.72 ஓமுக்கு மேல் போகக் கூடாது. வயர் லோடில் சூடாவதையும் சேர்த்துப் பார்த்தால் 0.57-க்குள் இருப்பது நல்லது. இங்கே நோ ட்ரிப்பின் ஆட்டம் ஆகாது, ஹை கரன்டில்தான் பார்க்க வேண்டும். எனவே இரண்டு வகையும் உள்ள கருவியாக எடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. முன்பின் தெரியாத பழைய வீட்டில் நேரடியாக ஹை கரன்ட் லூப் போடாதீர்கள். எர்த் அறுந்திருந்தால், கருவி விடும் கரன்ட் போக இடமில்லாமல் அந்த எர்த்தில் கட்டியிருக்கும் பாடியெல்லாம் ஒரு கணம் உயிராகிவிடும். முதலில் மெயினை ஆஃப் செய்து எர்த் வயரின் கன்டினியூட்டி, பிறகு நோ ட்ரிப், அதற்கப்புறம்தான் மற்றது. கருவியில் டச் வோல்டேஜ் எல்லை 25 அல்லது 50 வோல்ட் என்று வைக்கும் வசதி இருக்கும், தாண்டினால் டெஸ்டையே நிறுத்திவிடும். அதை 50-க்கு மேல் விடாதீர்கள். சமையலறையில் யாராவது ஃப்ரிட்ஜைத் திறந்துகொண்டு நிற்கிறார்களா என்றும் ஒரு குரல் கொடுத்துவிடுங்கள்.

கன்டினியூட்டி என்றதும் மல்ட்டிமீட்டர் பீப் சத்தம் நினைவுக்கு வரும். அது போதாது. மல்ட்டிமீட்டர் விடுவது ஒரு மில்லி ஆம்பியர் அளவுக்குத்தான். மல்ட்டி ஃபங்ஷன் டெஸ்டர் குறைந்தது 200 விடும், அதனால் பாதி முடுக்கிய ஸ்க்ரூவும் களிம்பேறிய முனையும் ரீடிங்கில் காட்டிக்கொடுத்துவிடும். 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர் கிலோமீட்டருக்கு 12.1 ஓம். 20 மீட்டர் ஓட்டத்துக்கு 0.24 ஓம் வரணும். 0.9 காட்டினால் எங்கேயோ ஜாயின்ட் சரியில்லை. ஆனால் உங்கள் டெஸ்ட் லீடே 0.1 ஓமுக்கு மேல் இருக்கும், அதைக் கழிக்காமல் எழுதினால் கணக்கெல்லாம் பாழ். லீடு முனைகளைச் சேர்த்துப் பிடித்து சைபர் செய்யும் பட்டன் எங்கே இருக்கிறது என்று கடையிலேயே பாருங்கள். சில மாடல்களில் மெனுவுக்குள் நாலு படி தள்ளி ஒளித்து வைத்திருப்பார்கள், பையன்கள் ஒருநாளும் செய்ய மாட்டார்கள்.

இன்சுலேஷன் டெஸ்ட் உங்களுக்குத் தெரிந்ததுதான். 500 வோல்ட் கொடுத்து 1 மெகோமுக்குக் குறையக் கூடாது. புதிய வீட்டில் 50, 100 என்று வராவிட்டால் எனக்குத் தூக்கம் வராது, அது வேறு. இப்போதெல்லாம் எல்இடி டிரைவர், சர்ஜ் அரஸ்டர், இன்வெர்ட்டர் என்று வீடு முழுக்க எலக்ட்ரானிக்ஸ். 500 வோல்ட் விட்டால் சிலது புகைந்துவிடும். சர்ஜ் அரஸ்டரோ புகையாது, வயரிங்கே கெட்டுப்போனது போல ரீடிங்கைக் கீழே இறக்கிவிடும். ஃபிட்டிங் மாட்டுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். முடியாத இடத்தில் ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து எர்த்துக்கு 250-ல் பாருங்கள். ஃப்ளூக் 1664 எஃப்சி-யில் ப்ரீ டெஸ்ட் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ஏதாவது மாட்டியிருந்தால் 500 வோல்ட் விடாமல் எச்சரிக்கும். பையன்கள் கையில் கருவியைக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் அதற்கு மதிப்பு உண்டு. இன்னொன்று: ஈபி மெயினை ஆஃப் செய்தாலும் இன்வெர்ட்டர் லைன் உயிரோடு இருக்கும். உங்களுக்குத் தெரியும், நேற்று சேர்ந்த பையனுக்குத் தெரியாது.

எர்த் பிட் அளக்கும் வசதி பல மாடல்களில் உள்ளேயே வருகிறது. உங்களிடம் தனியாக இருப்பதால் அதற்காகக் கூடுதல் விலை தேவையில்லை. வில்லா லே-அவுட்டில் இருபது மீட்டர் தள்ளி ஸ்பைக் அடிக்க இடம் எங்கே இருக்கிறது? எல்லாம் பேவர் பிளாக். அப்படிப்பட்ட இடத்தில் லூப் ரீடிங்கே கைகொடுக்கும்: லூப் 6 ஓம் என்றால் உங்கள் குழி 6-க்கு மேல் இருக்க வாய்ப்பே இல்லை. ஐப்பசி மழையில் எடுத்த ரீடிங்கை நம்பி சித்திரையில் மாட்டிக்கொள்ளாதீர்கள், தேதியையும் எழுதி வையுங்கள்.

பிராண்ட் கேட்டீர்கள். ஃப்ளூக், மெகர், மெட்ரெல், க்யோரிட்சு நான்கிலும் இந்த வேலைக்கு ஆகிற மாடல் இருக்கிறது. (மெகர் என்பது 1903-ல் பதிவான வணிகப் பெயர். நாம் எல்லா இன்சுலேஷன் டெஸ்டரையும் மெக்கராக்கிவிட்டதால், கடையில் கேட்கும்போது கம்பெனியா, கருவியா என்று தெளிவாகச் சொல்லுங்கள்.) கருவியின் பின்பக்கம் ஐஈசி 61557 (இந்த வகை டெஸ்டர்களுக்கான சர்வதேசத் தரம்) என்று போட்டிருக்கிறதா, கேட் 3 ரேட்டிங் (கட்டிட வயரிங்கில் வரும் திடீர் வோல்டேஜைத் தாங்கும் பாதுகாப்புத் தரம்) 300 வோல்ட்டுக்காவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டால், அதற்கு மேல் நான் பிராண்டைப் பார்ப்பதில்லை. கோவையிலோ சென்னையிலோ சர்வீஸ் உண்டா, என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற லேபில் காலிப்ரேஷன் செய்து தருவார்களா, எத்தனை நாள் ஆகும் என்றுதான் பார்ப்பேன். வருடா வருடம் அனுப்ப வேண்டிய சாமான் இது. சர்டிஃபிகேட்டில் இருக்கும் சீரியல் நம்பரும் கருவியில் இருப்பதும் ஒன்றுதானா என்று பாருங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கினால் இரண்டு தடவை பாருங்கள். இரண்டு காலிப்ரேஷனுக்கு நடுவே சந்தேகம் வந்தால், உங்கள் ஆபீஸிலேயே ஒரு பிளக் பாயின்ட்டைக் குறித்து வைத்து மாதம் ஒருமுறை அதே ரீடிங் வருகிறதா என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். எர்த் ரீடிங் பருவத்துக்கு ஆடும் என்பதால், ஃபேஸ்-நியூட்ரல் லூப்பையும் ஆர்சிசிபி நேரத்தையும் குறியுங்கள்.

மாடியில் சோலார் போடும் வேலைக்கும் இதையே கொண்டு போகலாமா என்று அடுத்து கேட்பீர்கள். கூடாது. பேனல் ஸ்ட்ரிங்கில் 600 வோல்ட் டிசி சாதாரணமாக நிற்கும். அதற்கென்று தனி டெஸ்டர் இருக்கிறது.

இப்போதைக்கு ஒரு லட்சம் கையைக் கடிக்கும் என்றால் இன்னொரு வழி உண்டு. லூப்பையும் ஆர்சிடியையும் மட்டும் அளக்கும் சின்னக் கருவி தனியே கிடைக்கிறது, விலையும் குறைவு. உங்கள் மெக்கரில் 200 மில்லி ஆம்பியர் கன்டினியூட்டி இருந்தால், அதோடு இதைச் சேர்த்தால் பில்டர் கேட்ட எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிடலாம். வருடத்துக்கு நாலைந்து வீடு செய்பவராக இருந்தால் நான் இதைத்தான் சொல்லியிருப்பேன். 30 வீடு, அதுவும் ஆளை விட்டுச் செய்வது என்றால், ரீடிங்கை உள்ளேயே சேமித்து ரிப்போர்ட்டாக எடுக்கிற மல்ட்டி ஃபங்ஷன்தான் சரி. இல்லாவிட்டால் பையன் எட்டாவது வீட்டிலிருந்து ஒரே நம்பரைக் காப்பியடிக்க ஆரம்பித்துவிடுவான். நானும் ஒரு காலத்தில் அந்தப் பையன்தான்.

காசு கொடுப்பதற்கு முன்னால் பெட்டியைத் திறந்து பிளக் லீடைப் பாருங்கள். நம் ஊர் மூணு பின்னா, இல்லை லண்டன் சதுர பின்னா? நான் முதலில் வாங்கியதில் சதுர பின்தான் இருந்தது. அவசரத்தில் அதை வெட்டி நம் ஊர் பிளக் மாட்டினேன், ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறிவிட்டது. புது வீடு ஒன்றில் அத்தனை பாயின்ட்டும் ரிவர்ஸ் என்று காட்ட, வயரிங் செய்தவரை அரை மணி நேரம் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டு, பிறகு அவர் வாங்கிக் கொடுத்த டீயைத் தலைகுனிந்து குடித்தேன். டிபி பாக்ஸில் வேலை செய்ய முதலைக் கிளிப்புடன் மூன்று வயர் லீடும் சேர்த்துக் கேளுங்கள், அது இல்லாமல் பாதி வேலை நிற்கும்.

அப்புறம், பில்டரிடம் ரேட் பேசும்போது டெஸ்டிங்கை வயரிங் பாயின்ட் ரேட்டுக்குள் கரைத்துவிடாதீர்கள். பத்து சர்க்கியூட் உள்ள வீட்டுக்கு ஆரம்பத்தில் இரண்டு மணி நேரமாவது ஆகும். கொட்டேஷனில் அதற்குத் தனி வரி போட்டு, வீட்டுக்கு இவ்வளவு என்று எழுதுங்கள்.